சாமிக்கண்ணுவின் வலது பாதம்

ஷாந்தினியால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் அடுப்பைத் துடைத்துவிட்டு வருவாள். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தால், தாலி கட்டி முடிவதற்குள் பக்கத்து நாற்காலிகளையெல்லாம் நேராக்கியிருப்பாள். கணவன் திவாகர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், வாரக் கடைசியில்தான் வீட்டில் இருப்பான். "ஒங்கூட இருக்கறத விட ஹைவே அமைதியா இருக்குலா" என்பான். அதற்குக் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் காத்திருப்பதே வேலையாக வாய்த்தது. மலாக்காவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் புண் கட்டும் அறை அவள் பொறுப்பு. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் பிறந்தவள். தாதிக்குப் படித்து, நாலு இடம் மாற்றலாகி, கடைசியில் இந்த அறைக்கு வந்து சேர்ந்தாள். புண்ணை மிரட்டி ஆற வைக்க முடியாது என்பதை இந்த வேலைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. மற்றவர்களுடைய புண் விஷயத்தில் அவளுக்கு எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும்.

புதிதாக வருகிறவர்களிடம் அவள் ஒரே பாடத்தை ஒப்பிப்பாள். தமிழர்களுக்குத் தமிழில், மலாய்க்காரர்களுக்கு மலாயில், சீனக் கிழவர்களுக்கு இரண்டையும் கலந்து கையைக் காலை ஆட்டி.

"புண்ணு நாலு கட்டமா ஆறும். மொதல்ல ரத்தம் ஒறையும், அத ஒடம்பு தானா பாத்துக்கும். ரெண்டாவது வீங்கும், செவக்கும், தண்ணி கசியும். பயப்படாதீங்க, உள்ள இருக்கற குப்பய கூட்டித் தள்ளுது. மூணாவதுதான் புதுச் சத வளர்றது. செவப்பா, மாதுள முத்து மாதிரி பொடிப்பொடியா வரும். அப்ப அத நோண்டாம விடணும். நாலாவது, மேல தோலு மூடினப்புறம். முடிஞ்சிடுச்சின்னு நெனைக்காதீங்க. உள்ள வருசக் கணக்கா வேல நடக்கும். அப்படி நடந்தாலும் பழைய தோலு கெட்டி வராது."

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பாதி பேர் வீட்டுக்குப் போய் மஞ்சளைப் பூசிக்கொண்டு வருவார்கள். ஷாந்தினி திட்டிக்கொண்டே கழுவி விடுவாள்.

அவளுடைய அப்பா சாமிக்கண்ணு அவளோடுதான் புக்கிட் ரம்பாய் வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் முதலில் பாலும் பிறகு செம்பனைக் குலையும் வெட்டி, தோட்டம் கைமாறியதும் இங்கே ஒரு பேக்டரி வாசலில் ஜாகாவாகக் காவல் இருந்து, அதிலிருந்தும் நின்றுவிட்ட மனுஷர். மனைவி மீனம்மா போய்ச் சேர்ந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். இனிப்புநீர் வியாதி அவருக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அது பாதத்தின் உணர்ச்சியை அவருக்குத் தெரியாமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாந்தினி மாப் போடும்போது வெள்ளைத் தரையில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கறைகள் இருந்தன. குழம்பு சிந்தியிருக்கும் என்று துடைத்தாள். மறுநாளும் இருந்தது. சமையலறையிலிருந்து அந்தக் கறையின் பின்னாலேயே போனாள். அது ஹாலைக் கடந்து அப்பாவின் நாற்காலிக்குக் கீழே போய் நின்றது. காலைத் தூக்கிப் பார்த்தாள். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு வெடித்து, உள்ளே குழியாக இருந்தது.

"வலிக்கலியா?"

"என்னாது?" என்றார் சாமிக்கண்ணு.

ஊரார் காலையெல்லாம் பார்க்கிறவள் சொந்த அப்பா காலைப் பார்க்கவில்லை. ஷாந்தினிக்குத் திருடி மாட்டிக்கொண்டதைப் போல அவமானமாக இருந்தது. கிளினிக்கில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டினாள். பிறகு சொன்னாள், எல்லாரும் பாவப்பட்டார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு வரைக்கும் போகவில்லை என்றார்கள். புண்ணின் மேல் எடை விழக் கூடாது என்று, முன்பக்கம் தூக்கிக் கட்டிய தடித்த அடியுள்ள சப்பாத்து ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் அளவெடுத்துச் செய்து வந்த அன்றைக்குச் சாமிக்கண்ணு அதைப் போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் ஒரு காலை வைத்தார். "அப்பா, கழட்டிட்டு வாங்கப்பா, இப்பத்தான் மாப் போட்டேன்" என்றாள் ஷாந்தினி. அவரும் கழற்றினார். அவள் அதை எடுத்து அலமாரியில் ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

முதல் சில வாரம் எல்லாம் பாடத்தில் உள்ளபடியே நடந்தது. வீக்கம் வடிந்தது, கசிவு குறைந்தது, குழிக்குள் சிவப்பாகச் சதை எட்டிப் பார்த்தது. ஷாந்தினி சந்தோஷத்தில் மீன்கறி வைத்தாள். அடுத்த வாரம் கட்டைப் பிரித்தால் சதை கன்றிப்போய், நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. சுற்றிலும் காய்ப்பு மறுபடி ஏறியிருந்தது. சீவி எடுத்தாள். மறுபடி சிவப்பு வந்தது. மறுபடி உடைந்தது. புண் மூன்றாம் கட்டத்துக்கு ஏறுவதும் இரண்டாம் கட்டத்துக்கு வழுக்குவதுமாக இருந்தது.

அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வெள்ளி கலந்த கட்டு போட்டாள், தேன் கலந்ததைப் போட்டாள், பஞ்சு மெத்தை மாதிரி இருக்குமே அதைப் போட்டாள். மூன்று நாள் பிரிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வேலை விட்டு வந்ததும் கைப்பையை வைக்கிறாளோ இல்லையோ கட்டைப் பிரித்துவிடுவாள். சும்மா ஒரு தடவை பார்க்கத்தான் என்பாள். பிரிக்கும்போது ஒட்டிக்கொண்ட சதை கொஞ்சம் கூடவே வரும். தெரிந்தே செய்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

கூட வேலை பார்க்கும் உஷாந்திக்கு இது தெரிந்துபோயிற்று. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண், மலாக்கா டவுனில் வீடு, எதையும் நிதானமாகச் செய்கிறவள்.

"நீ என்ன செய்யிறாய் ஷாந்தி? இது என்ன புட்டு அவிக்கிறதா, திறந்து திறந்து பாக்க?"

"நீ பேசுவ. ஒங்க அப்பா கால் இல்லல்ல."

"இல்லைத்தான். அதுதான் எனக்கு அறிவு வேலை செய்யுது" என்றாள் உஷாந்தி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உண்மை. ஷாந்தினி தட்டுகளை அடுக்கினாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அறுவை டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளம் மலாய்க்காரர், நல்ல மனுஷர்தான். இப்படியே போனால் கிருமி எலும்பில் இறங்கிவிடும், அடுத்த மாதம் வரும்போது முன்னேற்றம் இல்லையென்றால் பெருவிரலையும் அதற்குப் பின்னாலுள்ள எலும்பையும் எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். ஷாந்தினி அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே தலையாட்டிவிட்டாள். அவளே எத்தனையோ குடும்பங்களுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். விரலோடு நின்றவர்கள் எத்தனை பேர், முட்டி வரைக்கும் போனவர்கள் யார் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அப்பா திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறார் என்று முடிவு கட்டினாள். சட்டைப் பையைத் துழாவினாள். மூலைக் கடைக்கே போய், "எங்கப்பாவுக்கு குயே பலகாரமெல்லாம் குடுத்தீங்களா?" என்று சண்டை போட்டாள். கடைக்காரம்மா மாரியம்மா, "ஒங்கப்பா சீனி இல்லாத தேத்தண்ணிதான் குடிக்கறாரு. அதுக்கும் நீ என்னா சொல்லுவியோன்னு பயந்துக்கிட்டே குடிக்கறாரு" என்றாள். சப்பாத்து மேல் சந்தேகம் வந்தது.

"அப்பா, சப்பாத்து ஒழுங்கா போடறீங்களா?"

"போடாம? வெளிய போறப்பல்லாம் அததான் போட்டுட்டுப் போறேன். நீயே பாக்கறல்ல."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட தினுசில் அவருக்குத்தான் மனசு நொந்தது. அன்று ராச்சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

ஒரு சனிக்கிழமை, வேறு துடைக்க ஒன்றும் இல்லாமல், ஷாந்தினி வாசல் குழாயடியில் சப்பாத்துகளைக் கழுவ உட்கார்ந்தாள். அவளுடைய வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்து முடித்து, அப்பாவுடையதை எடுத்துத் திருப்பினாள். அடியில் வெட்டிய கோடுகள் கடையிலிருந்து வந்த மாதிரி கூர்மையாக இருந்தன. அதற்குப் பிறகு வாங்கிய அவளுடையதோ குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுக்கிப்போயிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் தடவினாள். பாதம் பதிந்த பள்ளம்கூட இல்லை.

வாசலிலிருந்து வீட்டுக்குள் பார்த்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடித்தார். பின்பக்கம் போய்க் கருவேப்பிலைச் செடியைப் பார்த்தார். திரும்பி வந்து ஹால் மூலையில், மீனம்மாவின் படமும் இருந்த சாமி மேடைக்கு முன்னால் நின்றார். மறுபடி நாற்காலி. எல்லாம் வெறுங்காலோடு, கல்லு மாதிரியான தரையில். அவர் வெளியே போகிற இடம் இரண்டுதான். ஒன்று கடை, நடக்கிற தூரம்கூட இல்லை. இன்னொன்று கோயில். கோயிலில் என்ன செய்வார்? வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் பிரகாரம் சுற்றுவார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சப்பாத்து அலமாரியில் பத்திரமாக இருந்தது, கால்தான் தேய்ந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் கறை இருந்ததே, அதைப் பின்தொடர்ந்து போனவள் அவள்தானே. கழற்றிவிட்டு வாங்கள் என்று சொன்னதும் அவள்தான். புண்ணைப் பற்றிப் படித்ததெல்லாம் கிளினிக்கில் இருந்துவிட்டது, வீட்டு வாசலைத் தாண்டும்போது அவளும், செருப்பை வாசலில் விடச் சொல்லி வளர்த்த மீனம்மாவின் மகளாக மட்டும்தான் நுழைந்திருக்கிறாள்.

ஈரக் கையோடு உள்ளே ஓடினாள்.

"அப்பா, இனிமே வீட்டுக்குள்ளயும் இத போட்டுத்தான் நடக்கணும்."

சாமிக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. எழுந்து நின்னா போட்டிருக்கணும்."

"சாமி இருக்கற வீடு."

"கழுவிட்டேன்ப்பா. வேணும்னா வீட்டுக்குன்னு புதுசா ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்."

"புதுசோ பழசோ, சப்பாத்து சப்பாத்துதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே சொன்னார். "தோட்டத்துல தொர பங்களாவுல தொர பூட்ஸ் போட்டுக்கிட்டு உள்ள நடப்பான். நாங்க சம்பளத் தகராறுன்னா சிலிப்பர வெளிய விட்டுட்டு, படிக்குக் கீழ வெறுங்காலோட நிப்போம். நான் சொந்தமா வீடு வந்தப்பறம் அவனாட்டம் நடக்கறதா?"

"அது வேற, இது வேறப்பா. கால எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். ஒங்கம்மா படத்துக்கு முன்னால செருப்போட போயி நிக்கமாட்டேன்."

அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. சாமிக்கண்ணு ஒன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சக்கர நாற்காலி கொண்டுவந்தாள். அதைத் துணி காயப் போடப் பயன்படுத்தினார். திவாகர் வந்து பேசிப் பார்த்தான். மாமனார் தலையாட்டிவிட்டு வெறுங்காலோடு எழுந்துபோனார். நாள் ஓடிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் ஷாந்தினி ஒவ்வொரு காலாகக் கட்டிக்கொண்டே கேட்டாள், "வீட்டுக்குள்ள சப்பாத்து போடறீங்களா?" வயதான மலாய் மக்சிக் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தமிழர்கள் அவளைக் கெட்ட வார்த்தை பேசினவளைப் போலப் பார்த்தார்கள். நடக்கும்போதெல்லாம் போடுங்கள் என்று அவள் சொல்லும்போது இவர்களும் தலையாட்டினவர்கள்தான். தஞ்சோங் கிளிங் பக்கம் பெத்தம்மாள் என்று ஒரு அம்மா, மாதக் கணக்கில் வந்து கட்டிக்கொண்டு போய், கடைசியில் முட்டிக்குக் கீழே காலை இழந்தவர். அவர் நினைவு வந்ததும் ஷாந்தினிக்குக் கையில் இருந்த கத்தரியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அவருடைய வீட்டுத் தரையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வாசலில் நின்றாள். ஷாந்தினி ஒன்றும் சாமிக்குப் பயப்படாதவள் அல்ல. புரட்டாசிச் சனிக்கிழமை விடாமல் விரதம் இருக்கிறவள். குளிக்காமல் விளக்கைத் தொடாதவள். வெள்ளைச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்து, அவிழ்க்காமலே நிமிர்ந்தாள். அப்படியே உள்ளே நடந்தாள். தரையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அதுவரை கேட்காத சத்தம். நேராகச் சாமி மேடைக்குப் போய், தீக்குச்சி கிழித்து விளக்கை ஏற்றினாள்.

சாமிக்கண்ணு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"பாவம்னா எனக்கு வரட்டும்" என்றாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க போடற வரைக்கும் நான் கழட்டப் போறதில்ல."

சொன்னபடியே செய்தாள். சமைத்தாள், துவைத்தாள், விளக்கேற்றினாள், எல்லாம் சப்பாத்தோடு. ஒவ்வொரு தடவை மேடைக்கு முன்னால் நிற்கும்போதும் உடம்பு கூசியது. ராத்திரி படுக்கும்போது மட்டும் கழற்றுவாள். அப்பா அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் விளக்கேற்றப் போகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு.

அது எத்தனை நாள் நடந்ததோ, ஒரு நாள் அவள் தீப்பெட்டியை எடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கழட்டு."

"நீங்க போடுங்க."

"ஒரு வீட்ல ஒருத்தர் போட்டா போதும். நான் வயசானவன், போறவன். நீ வாழ வேண்டிய பொண்ணு. கழட்டிட்டு, கால் கழுவிட்டு வந்து ஏத்து."

சாமிக்கண்ணு வாசலுக்குப் போய் அலமாரியிலிருந்து தன்னுடைய சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அவரே மாட்டிக்கொண்டார். எழுந்து நின்று நாலு அடி நடந்தார். முகத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தது. ஷாந்தினி சப்பாத்தைக் கழற்றி வீசிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து அவர் மேடைக்குப் பக்கத்தில் போகவில்லை. ஹாலின் இந்தப் பக்கமிருந்தே கும்பிட்டார். அவள் அதைக் கவனித்தாள், ஆனால் கால் போய்விடக் கூடாது என்ற அவசரத்தில் விட்டுவிட்டாள்.

கட்டுப் போடும் பொறுப்பை உஷாந்தியிடம் கொடுத்தாள். அது அவளுக்குச் சப்பாத்தோடு விளக்கேற்றியதை விடக் கஷ்டமாக இருந்தது. உஷாந்தி பிரிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கைகளைக் கட்டிக்கொண்டு, விரல்களால் தன் முழங்கையையே பிசைந்துகொண்டு. ஒரு தடவை உஷாந்தி நகர்ந்து இடம் விட்டாள். ஷாந்தினி குனிந்து பார்த்தாள். குழி மேலே ஏறியிருந்தது, முழுக்கச் சிவப்பு, ஒரு கன்றல்கூட இல்லை. ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் மெல்லிசாகத் தோல் உள்ளே நகரத் தொடங்கியிருந்தது. ஆயிரம் தடவை பார்த்ததுதான். இருந்தும் நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சொன்ன நாளில் போனபோது வெட்டுகிற பேச்சே எழவில்லை, இப்படியே தொடருங்கள் என்றார். அதற்கடுத்த முறை புண் மூடியிருந்தது. சாமிக்கண்ணு டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது ஷாந்தினி புக்கிட் ரம்பாய்க்கு நேரே போகாமல் கடலோர ரோட்டில் காரை விட்டாள். அப்பா வெகுநாளைக்குப் பிறகு வாய் ஓயாமல் பேசினார். தஞ்சோங் கிளிங்கில் மீன் விற்கிற இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கழட்டிரலாம்ல? வெள்ளிக்கெழம. ஒங்கம்மாவ கிட்டப் போயிப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

ஷாந்தினியின் கை ஸ்டியரிங்கைத் துடைத்தது. மறுபடி துடைத்தது. கிளினிக்கில் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற நாலாம் கட்டத்தை இப்போது மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, மூடியிருக்கு. கெட்டியாகல. அந்தத் தோலு எப்பவும் பழைய மாதிரி ஆகாது. வெறுங்காலோட நடந்தா திரும்ப வெடிக்கும்."

"எவ்வளவு நாளைக்குப் போடணும்?"

"இருக்கற வரைக்கும்ப்பா."

சாமிக்கண்ணு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டோரத்துக் கடைகள் போயின, ஹோட்டல் ஒன்று போனது.

"இது ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மாட்டிக்கிட்ட அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்ப்பா. சொல்லியிருந்தா நீங்க மாட்டியிருக்க மாட்டீங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு புதுசா ஒண்ணு செய்யலாம்னு சொன்னியே, செய்யச் சொல்லு. ரோட்ட மிதிக்காததா, வீட்டுக்குள்ள மட்டும் போடற மாதிரி. ஒங்கம்மா கிட்டப் போயி நிக்கறதுக்கு."

"சரிப்பா."

"தோல்ல வேணாம். தோல் இல்லாததா பாத்துச் செய்யச் சொல்லு."

ஷாந்தினி அடுத்த சந்திப்பில் காரைத் திருப்பி, வந்த வழியே சப்பாத்துக் கடைக்கு விட்டாள்.